பழைய எண்டர்பிரைஸ் ஹார்ட் டிஸ்க் வீட்டு சர்வரில் மக்கர் செய்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

டேட்டா சென்டர்களில் சேவைக்காலம் முடிந்து கழற்றப்படும் 8, 10, 12 டிபி டிஸ்க்குகள் சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. வாங்கி மாட்டியவர்களிடமிருந்து எனக்கு வரும் மெசேஜ் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும்: “அண்ணா, டிஸ்க் டெட். ஏமாத்திட்டான்.” எடுத்துப் பார்த்தால் பல நேரம் டிஸ்க்கில் கோளாறே இருக்காது. சர்வர் ரேக்குக்கென்று செட் செய்யப்பட்டது, நம் வீட்டு கேபினெட்டில் வந்து திருதிருவென்று முழித்துக்கொண்டிருக்கும். “சூப்பரா ஓடுது அண்ணா” என்று கொண்டுவரும் டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவை, திறந்தாலோ சில நேரம் வயிற்றைக் கலக்கும்.

கை வைக்கும் முன் மூன்று விஷயம். விற்றவர் கொடுத்த ரிட்டர்ன் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று டிஸ்க்கின் உறை மீதே எழுதி வையுங்கள். கீழே வரும் ஒவ்வொரு சோதனையும் அந்தத் தேதிக்குள் முடிய வேண்டும். லேபிளையும் சீரியல் எண்ணையும் போட்டோ எடுங்கள், எந்த ஸ்டிக்கரையும் உரிக்காதீர்கள். சோதனையை யுஎஸ்பி டாக்கில் வைத்துச் செய்யாதீர்கள். மதர்போர்டின் சாட்டா போர்ட்டிலோ (வீட்டுக் கம்ப்யூட்டரின் வழக்கமான டிஸ்க் இணைப்பு) எஸ்ஏஎஸ் கார்டிலோ (சர்வர் டிஸ்க்குகளுக்கான இணைப்பு) நேரடியாக மாட்டுங்கள், ஏனென்றால் சில டாக்குகள் நடுவில் புகுந்து பொய் சொல்லும். லினக்ஸ் லைவ் பென் டிரைவ் ஒன்றில் ஸ்மார்ட்மான்டூல்ஸ், எஸ்ஜி3யூட்டில்ஸ், எஸ்டிபார்ம் என்ற டிஸ்க் கருவிகள் மூன்றும் இருந்தால் போதும்.

## கரண்ட் போகிறது, டிஸ்க் சுழலவே இல்லை

டிஸ்க்கின் மேல் விரலை லேசாக வைத்துப் பாருங்கள். 7,200 ஆர்பிஎம் டிஸ்க் கிளம்பினால் அந்த அதிர்வு நன்றாகத் தெரியும். ஒரு துடிப்பும் இல்லை, பயாஸிலும் பெயர் வரவில்லை என்றால் இந்த வரிசையில் போங்கள்.

முதல் சந்தேகம்: மூன்றாவது பின். 2016-இல் வந்த சாட்டா 3.3 விதிமுறை, பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னுக்குப் புது வேலை ஒன்றைக் கொடுத்தது. அதில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்க வேண்டும். ரேக்கில் தொங்கிப்போன டிஸ்க்கை யாரும் எழுந்து போகாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே அணைத்துப் போட இது வசதி. நம் வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸோ பழைய வழக்கப்படி 1, 2, 3 ஆகிய பின்களில் 3.3 வோல்ட்டை எந்நேரமும் கொடுத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து அசையாமல் கிடக்கும். எல்லா எண்டர்பிரைஸ் டிஸ்க்கிலும் இந்த அம்சம் கிடையாது. ஒரே மாடலில்கூட இருக்கும் வகை, இல்லாத வகை என்று இரண்டு உண்டு.

சோதிப்பது எளிது. பழைய நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டரில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும்தான் வரும், 3.3 கிடையாது. மோலெக்ஸ்-சாட்டா அடாப்டர் போட்டு டிஸ்க் சுழன்றால் காரணம் இதுதான். ஆனால் அந்த அடாப்டரையே நிரந்தரமாக விட்டுவைப்பதாக இருந்தால், கம்பிகள் தனித்தனியாகக் கனெக்டருக்குள் போவது கண்ணுக்குத் தெரியும் கிரிம்ப் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக்கை உருக்கி மொத்தமாக வார்த்த வகையில் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடித்த கதைகள் ஏராளம்.

நிரந்தரத் தீர்வாக எனக்குப் பிடித்தது டேப். செல்போன் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் மஞ்சள் ஹீட் டேப்பைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் வேண்டாம், சூட்டில் பசை இளகி நகர்ந்துவிடும். டிஸ்க்கின் பின்பக்கம் இரண்டு கனெக்டர் இருக்கும். சின்னது 7 பின் டேட்டா, நீளமானது 15 பின் பவர். டேட்டா கனெக்டரை ஒட்டியிருக்கும் முனையிலிருந்து எண்ணினால் பவரின் 1, 2, 3 வரும். மூன்றையும் சேர்த்தே மூடலாம், ஏனென்றால் 3.5 அங்குல டிஸ்க் 3.3 வோல்ட்டைப் பயன்படுத்துவதில்லை. பின்னுக்குப் பின் 1.27 மில்லிமீட்டர்தான் இடைவெளி என்பதால், டேப் 4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலத்தில் இருக்க வேண்டும். நுனியைக் கனெக்டரின் அடிவரை கொண்டுபோய் மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்து, கேபிளை ஆட்டாமல் நேராகச் செருகுங்கள். சாய்த்துச் செருகினால் டேப் சுருண்டுகொண்டு உள்ளே போய்விடும், டிஸ்க் மறுபடியும் தூங்கும்.

கேபிள் மாறிப்போயிருக்கலாம். மாடுலர் எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு பிராண்டின் கேபிளை இன்னொரு பிராண்டின் எஸ்எம்பிஎஸ்ஸில் செருகலாம், அழகாக உட்காரும். உள்ளே வரிசை வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் அந்த நொடியிலேயே டிஸ்க் அடங்கிவிடும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே வரிசை மாறுவதுண்டு. இப்படி நடந்திருந்தால், மல்டிமீட்டரைக் கன்டின்யூட்டியில் வைத்து டிஸ்க்கின் 5 வோல்ட், 12 வோல்ட் பின்களுக்கும் கிரவுண்டுக்கும் இடையே பாருங்கள். பீப் சத்தம் வந்தால் போர்டிலிருக்கும், அதிக வோல்ட்டைத் தடுக்கும் டிவிஎஸ் டயோடு தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கிறது என்று நம்ப இடமுண்டு. சிப் லெவல் வேலை தெரிந்த டெக்னீஷியனிடம் போக வேண்டிய இடம் இது. அதே மாடலில் வேறு போர்டு வாங்கி மாட்டிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் தலைகளுக்கும் உரிய திருத்த அளவுகள் அதனதன் போர்டிலுள்ள ரோம் சிப்பில் இருக்கின்றன. அதையும் இடம் மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

ஒன்று மட்டும் போட்டால் சுழல்கிறது, எல்லாவற்றையும் போட்டால் இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ் திணறுகிறது. கிளம்பும் சில வினாடிகளில் ஒரு டிஸ்க் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். எட்டு டிஸ்க் ஒரே நேரத்தில் கிளம்பினால் 16 ஆம்பியர், அதாவது 190 வாட்டுக்கு மேல் டிஸ்க்குகளுக்கு மட்டுமே. ஒரே கேபிளில் ஸ்பிளிட்டர் மேல் ஸ்பிளிட்டர் போட்டு எட்டையும் தொங்கவிட்டிருந்தால் முதலில் அதைப் பிரித்துப் போடுங்கள். எஸ்ஏஎஸ் கார்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பும் வசதி இருந்தால் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் புது எஸ்எம்பிஎஸ்தான்.

இத்தனையும் பார்த்த பிறகும் அசையவில்லை என்றால் மோட்டாரோ போர்டோ போய்விட்டது. தட்டிப் பார்ப்பது, ஃபிரிட்ஜில் வைப்பது என்று ஆராய்ச்சி செய்யாமல் திருப்பி அனுப்புங்கள்.

## கேபிளே உள்ளே போகவில்லை

லேபிளைப் படியுங்கள். எஸ்ஏஎஸ் டிஸ்க் வாங்கியிருப்பீர்கள். சாட்டாவில் டேட்டாவுக்கும் பவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி எஸ்ஏஎஸ்ஸில் அடைபட்டிருக்கும், அங்கும் பின்கள் உண்டு. பிளாஸ்டிக்கைச் சீவி உள்ளே தள்ளினாலும் பலனில்லை, சாட்டா போர்ட்டுக்கு எஸ்ஏஎஸ் மொழி தெரியாது. ஆன்லைனில் விற்கும் சின்ன எஸ்ஏஎஸ்-சாட்டா அடாப்டர், கனெக்டரின் உருவத்தை மட்டும்தான் மாற்றித் தரும். எஸ்ஏஎஸ் கார்டு சாட்டா டிஸ்க்கை ஏற்கும், சாட்டா போர்ட் எஸ்ஏஎஸ் டிஸ்க்கை ஏற்காது. ஆக எல்எஸ்ஐ 9207-8ஐ, 9300-8ஐ போன்ற ஒரு எச்பிஏ கார்டு, அதாவது எஸ்ஏஎஸ் டிஸ்க்கை இணைக்கும் கார்டு, வேண்டும். ஒன்றிரண்டு டிஸ்க்குக்காகக் கார்டு, கேபிள், ஃபேன் என்று வாங்கினால் டிஸ்க்கில் மிச்சம் பிடித்தது அதிலேயே கரைந்துவிடும். நான்குக்குக் கீழே என்றால் சாட்டாவாகவே மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

## கார்டு போட்டேன், கார்டு தெரிகிறது, டிஸ்க் தெரியவில்லை

கேபிளின் திசை. கார்டிலிருந்து நான்காகப் பிரியும் பிரேக்கவுட் கேபிளில் ஃபார்வர்டு, ரிவர்ஸ் என்று இரண்டு ரகம். கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போக ஃபார்வர்டுதான் வேண்டும். கடையில் கேட்டால் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்பார்கள். ஒன்று இல்லை.

ஃபர்ம்வேர். சர்வரில் இருந்து வந்த கார்டு ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் முறை) மோடில் இருந்தால், அதற்குள் ஒரு ரெய்டை உருவாக்கும்வரை டிஸ்க்கை வெளியே காட்டாது. இசட்எஃப்எஸ், ட்ரூநாஸ் போன்ற ஸ்டோரேஜ் மென்பொருள்கள் எல்லாம் கேட்பது, டிஸ்க்கை அப்படியே வெளியே காட்டும் ஐடி மோடு. ஃபிளாஷ் செய்யும் முறை கார்டுக்குக் கார்டு மாறும், தப்பினால் கார்டு போச்சு. பழக்கமில்லாதவர்கள் ஐடி மோடு போட்டே விற்பவரிடம் வாங்குவது உத்தமம்.

பவர். எஸ்ஏஎஸ் கனெக்டருக்கு சாட்டா பவர் கேபிளிலிருந்து கரண்ட் எடுத்திருந்தால் மேலே சொன்ன மூன்றாவது பின் கதை இங்கும் உண்டு.

கார்டு போட்டதும் கம்ப்யூட்டரே ஆன் ஆகவில்லை என்றால், குறிப்பாக டெல் எச்310 போன்ற கார்டுகளில், ஸ்லாட்டில் செருகும் விளிம்பின் பி5, பி6 பின்களை அதே மஞ்சள் டேப்பால் மூடினால் பெரும்பாலும் சரியாகும்.

## டிஸ்க் தெரிகிறது, அளவு 0 அல்லது பார்ட்டிஷன் போட முடியவில்லை

இந்தக் கட்டத்தில்தான் நிறையப் பேர் நல்ல டிஸ்க்கைக் குப்பையில் போடுகிறார்கள். லினக்ஸில் டிமெசேஜ் கட்டளையை ஓட்டி, சிஸ்டம் பதிவைப் பாருங்கள். என்ன வந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

‘அன்சப்போர்ட்டட் செக்டர் சைஸ் 520’ என்று இருந்தால் டிஸ்க் நெட்ஆப், இஎம்சி போன்ற பெரிய ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து வந்தது. அங்கே ஒவ்வொரு 512 பைட்டுக்கும் கூடவே 8 பைட் சரிபார்ப்புத் தகவல் வைப்பார்கள், மொத்தம் 520. சிலவற்றில் 528. லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் இது செரிக்காது. எஸ்ஜி_ஃபார்மேட் கருவியில் ஃபார்மேட் ஆப்ஷனோடு சைஸ் 512 என்று கொடுத்தால் டிஸ்க் முழுவதும் புதிதாகக் கோடு போட்டுக்கொள்ளும்.

கொடுக்கும் முன் எந்த எஸ்ஜி எண் (லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கும் பெயர்) எந்த டிஸ்க் என்று சீரியல் எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். கட்டளை கிளம்பும் முன் 15 வினாடி, 10 வினாடி, 5 வினாடி என்று அதுவே மூன்று முறை எச்சரிக்கும், அதற்குள் கண்ட்ரோல்-சி அடித்து நிறுத்தலாம். கிளம்பிவிட்டால் பல மணி நேரம் ஓடும். பெரிய டிஸ்க் என்றால் ராத்திரி விட்டுக் காலையில் பார்ப்பதுதான். யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் ‘மீடியம் ஃபார்மேட் கரப்டட்’ என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும். பதற வேண்டாம், திரும்ப முதலிலிருந்து ஃபார்மேட் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். இந்த வேலைக்கு எச்பிஏ கார்டு தேவை, ரெய்டு மோடு கார்டு வழியாக நடக்காது.

512 என்றே இருக்கிறது, ஆனாலும் பிழை வருகிறது என்றால் ஸ்மார்ட்மான்டூல்ஸின் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை தரும் தகவலில் ‘ஃபார்மேட்டட் வித் டைப் 2 புரொடெக்ஷன்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். அதே எஸ்ஜி_ஃபார்மேட், கூடுதலாக எஃப்எம்டிபிஐஎன்எஃப்ஓ மதிப்பு 0. மறுபடியும் பல மணி நேரம்.

படித்தாலும் எழுதினாலும் உடனே பிழை, ஆனால் ஸ்மார்ட் அறிக்கை சுத்தம் என்றால் டிஸ்க் பூட்டியிருக்கலாம். தானே என்கிரிப்ட் செய்துகொள்ளும் எஸ்இடி வகையில் முந்தைய உரிமையாளர் கடவுச்சொல்லை எடுக்காமல் விற்றிருப்பார். லேபிளில் பிஎஸ்ஐடி என்று 32 எழுத்து கொண்ட ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். செட்யூட்டில் கருவியில் அதைக் கொடுத்து ரிவர்ட் செய்தால் உள்ளே இருந்ததெல்லாம் அழிந்து டிஸ்க் உங்களுடையதாகிவிடும். பூஜ்யத்துக்கும் ஓ-வுக்கும் குழம்பாமல் போட்டோவைப் பெரிதாக்கிப் படியுங்கள். லேபிள் கிழிந்தோ அழிந்தோ இருந்தால் வேறு வழியில்லை, ரிட்டர்ன்.

யுஎஸ்பி டாக்கில் நன்றாக இருந்தது, உள்ளே மாட்டியதும் பார்ட்டிஷனே காணோம் என்றால் டாக் செக்டர் அளவை மாற்றிக் காட்டியிருக்கிறது. டேட்டா பத்திரமாகத்தான் இருக்கிறது. திரும்ப அதே டாக்கில் போட்டுக் காப்பி எடுத்துவிட்டு, உள்ளே மாட்டிப் புதிதாகப் பார்ட்டிஷன் போடுங்கள்.

## அளவு குறைவாகக் காட்டுகிறது, அல்லது ஒரு டிஸ்க் இரண்டாகத் தெரிகிறது

12 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 10.9 என்று காட்டுவது குறையே அல்ல, ஆயிரத்தால் வகுப்பதற்கும் 1,024-ஆல் வகுப்பதற்கும் உள்ள வித்தியாசம். 2 டிபி சொச்சத்தில் நின்றால் பழைய டாக்கோ பழைய எம்பிஆர் முறைப் பார்ட்டிஷனோ காரணம், புதிய ஜிபிடி முறைக்கு மாறுங்கள்.

இரண்டாகத் தெரிவது சுவாரசியமான விஷயம். சீகேட் எக்ஸோஸ் 2எக்ஸ்14 போன்ற இரட்டை ஆக்சுவேட்டர் (தலைகளை நகர்த்தும் கை இரண்டு கொண்ட) டிஸ்க்கின் எஸ்ஏஎஸ் வகை, 14 டிபி-யை 7 டிபி, 7 டிபி என இரு தனி டிஸ்க்குகளாகக் காட்டும். வடிவமைப்பே அப்படி. ஆனால் அந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மிர்ரராகப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் உண்டு. மோட்டார் ஒன்றுதான், போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

## ஸ்மார்ட் அறிக்கையில் எண்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது

அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. சீகேட்டில் எண் 1, எண் 7 ஆகிய வரிகளின் மதிப்பு கோடிக்கணக்கில் இருந்தால் விட்டுத்தள்ளுங்கள். அந்த 48 பிட் எண்ணின் மேல் 16 பிட்தான் பிழை, கீழ் 32 பிட் மொத்தம் எத்தனை செயல் நடந்தது என்ற கணக்கு. மதிப்பு 4,29,49,67,295-க்குள் இருக்கும்வரை பிழை சைபர்.

எண் 199, அதாவது சிஆர்சி பிழை கேபிளைச் சொல்கிறது, டிஸ்க்கை அல்ல. இது ஏறுமே தவிர இறங்காது, பழைய வீட்டின் பாவமாகவும் இருக்கலாம். இன்றைய எண்ணைக் குறித்துக்கொண்டு கேபிளை மாற்றுங்கள். அதன்பின் ஏறாவிட்டால் முடிந்தது. ஏறினால் போர்ட்டை மாற்றுங்கள்.

எண் 197, 198-இல் சைபரைத் தவிர எது இருந்தாலும் பேச்சே இல்லை, ரிட்டர்ன். படிக்க முடியாத இடம் இப்போதே இருக்கிறது என்று டிஸ்க்கே ஒப்புக்கொள்கிறது. 187-ம் அப்படியே.

எண் 5, மாற்றி ஒதுக்கிய செக்டர். இங்குதான் கடைக்காரரோடு வாக்குவாதம் வரும். “பத்து இருபதெல்லாம் நார்மல் சார்.” பழைய டிஸ்க்கில் சிறு எண் ஒன்று இருந்து பல வருடம் அசையாமல் நின்றால் அது ஓடும்தான். அது அசைகிறதா இல்லையா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? முழு எழுத்துச் சோதனை ஓட்டி முன்னும் பின்னும் ஒப்பிட்டால் தெரியும். ஒன்று கூடியிருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். கெடுவுக்குள் சோதனை முடியாது என்றால், சைபர் இல்லாத டிஸ்க்கை ஏற்க வேண்டாம் என்பது என் கட்சி.

எஸ்ஏஎஸ் டிஸ்க்கில் இந்த எண்களே இருக்காது. ‘எலிமெண்ட்ஸ் இன் க்ரோன் டிஃபெக்ட் லிஸ்ட்’ என்ற வரியும், பிழை அட்டவணையில் திருத்த முடியாதவை என்ற கடைசிப் பத்தியும்தான் பார்க்க வேண்டியவை. ‘நான்-மீடியம் எரர்’ சில நூறு இருந்தால் அது கேபிள், கார்டு சமாசாரம்.

எச்ஜிஎஸ்டி, டபிள்யூடி ஹீலியம் டிஸ்க்கில் எண் 22 என்பது ஹீலியம் அளவு. 100-இல் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் வாயு கசிகிறது, சரி செய்யும் வழி கிடையாது.

## ஓடிய நேரம் 0 அல்லது சில மணி என்று காட்டுகிறது

மகிழ வேண்டாம். 2025-இன் தொடக்கத்தில் ஜெர்மன் தொழில்நுட்ப ஊடகமான ஹைசே, புதிது என்று விற்கப்பட்ட சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகள் பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்று அம்பலப்படுத்தியது. ஸ்மார்ட் எண்களை அழித்துச் சந்தைக்கு விட்டிருந்தார்கள். டிஸ்க் இடத்தை வைத்து ஈட்டும் சியா என்ற கிரிப்டோ நாணயத்தின் பண்ணைகளிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்ற சந்தேகம் அப்போது எழுந்தது.

சீகேட் என்றால் ஃபார்ம் என்ற தனிப் பதிவேடு டிஸ்க்குக்குள் உண்டு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் ஸ்மார்ட்சிடிஎல்லுக்கு ‘மைனஸ் எல் ஃபார்ம்’ என்று கொடுங்கள். அதிலுள்ள பவர் ஆன் நேரத்தையும் சாதாரண அறிக்கையின் எண் 9-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஸ்மார்ட்டில் 12 மணி, ஃபார்மில் 27,000 மணி என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தப் பதிவேட்டையும் திருத்த முடியும் என்பதால் கண்ணையும் பயன்படுத்துங்கள். ஸ்குரூ துளையின் உள்மரை தேய்ந்திருக்கிறதா? கனெக்டரின் தங்கப் பின்களில் நேர்கோடாகக் கீறல் இருக்கிறதா? லேபிளின் ஓரம் உரித்து ஒட்டியது போல் இருக்கிறதா? சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ‘இது எங்கள் சிஸ்டம் வாடிக்கையாளருக்கு விற்றது, வாரண்டி அவரிடம் கேள்’ என்று வந்தால் கம்பெனி வாரண்டி உங்களுக்கு இல்லை.

நேர்மையாக 40,000 மணி என்று காட்டும் டிஸ்க் எனக்கு இதைவிட உசத்தி. ஐந்து வருடம் இடைவிடாமல் ஓடினால் 43,800 மணி, அவ்வளவுதான். அந்த வயதை ஏற்று விலை பேசலாம். எண்ணை அழித்தவனிடம் வேறு என்ன அழிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

## எழுதும் வேகம் படு மோசம்

எஸ்ஏஎஸ் டிஸ்க் என்றால் முதலில் ரைட் கேஷ், அதாவது எழுத வருவதைத் தற்காலிகமாகத் தாங்கும் மெமரி. பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகள் இதை அணைத்தே வைத்திருக்கும், டிஸ்க் அந்தப் பழக்கத்தோடு உங்களிடம் வரும். எஸ்டிபார்மில் டபிள்யூசிஇ மதிப்பைக் கேளுங்கள். 0 என்றால் 1 ஆக்கி ‘சேவ்’ சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை ஆன் செய்யும்போது பழையபடி ஆகிவிடும். அதுவரை ஆமையாக இருந்த டிஸ்க் அந்த நொடியே பறக்கும்.

அடுத்து, மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். அல்ட்ராஸ்டார் எச்சி620 போன்றவை ஹோஸ்ட்-மேனேஜ்டு எஸ்எம்ஆர், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் வகை. இவற்றில் இஷ்டத்துக்கு நடுவில் எழுத முடியாது, சாதாரண ஃபைல் சிஸ்டம் ஓடாது. விலை வியக்கும்படி குறைவாக இருக்கும், காரணம் இதுதான். வீட்டு சர்வருக்கு உதவாது.

இரண்டும் இல்லை, ஒரு டிஸ்க் மட்டும் இழுக்கிறது என்றால் 197-ஐ மறுபடி பாருங்கள்.

## ஓடிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகிறது

கேபிள், பவர் ஸ்பிளிட்டர், எஸ்எம்பிஎஸ், கார்டின் சூடு, கடைசியாக டிஸ்க். இந்த வரிசையில் பாருங்கள். சந்தேகப்படும் டிஸ்க்கை நன்றாக ஓடும் டிஸ்க்கின் இடத்துக்கு மாற்றுங்கள். பிழை டிஸ்க்கோடு போனால் டிஸ்க், அந்த இடத்திலேயே நின்றால் கேபிளோ போர்ட்டோ.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நேரத்தில்தான் நடக்கிறது என்றால் இன்வெர்ட்டர் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா பாருங்கள். பல வீடுகளில் அந்த சுவிட்ச் நார்மலிலோ ஈகோவிலோ இருக்கும், மாறுவதற்கு எடுக்கும் நேரம் ஃபேனுக்குப் போதும், சர்வருக்குப் போதாது.

எச்பிஏ கார்டு ரேக் சர்வரின் புயல் காற்றுக்கென்று செய்யப்பட்டது. அதன் ஹீட்சிங்கைத் தொட முடியாத அளவு சூடாக இருந்தால் 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை ஜிப் டையால் கட்டிவிடுங்கள். நாள் முழுக்க ஓடிவிட்டு ராத்திரி பேக்கப் நேரத்தில் எல்லா டிஸ்க்கும் ஒன்றாக விழுந்தால் முதல் குற்றவாளி கார்டுதான்.

## சூடு, சத்தம்

பெரும்பாலான எண்டர்பிரைஸ் மாடல்களுக்கு உச்ச வரம்பு 60 டிகிரி. மே மாதத்துச் சென்னையில் மூடிய கேபினெட்டில் அதைத் தொடுவது கஷ்டமே இல்லை. டிஸ்க்குக்கு முன்னால் 120 மில்லிமீட்டர் ஃபேன், டிஸ்க்குகளுக்கு இடையே ஒரு இடம் காலி. 45-க்குள் நின்றால் திருப்தி.

டபிள்யூடி, எச்ஜிஎஸ்டி ஹீலியம் டிஸ்க் சும்மா இருக்கும்போது ஐந்து வினாடிக்கு ஒருமுறை ‘டொக்’ என்றால் கவலை வேண்டாம். தலை ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. படுக்கையறையில் வைத்திருந்தால் டிஸ்க்கை மாற்றுவதைவிட அறையை மாற்றுவது சுலபம். ஆன் செய்ததும் டக், டக், டக் என்று சீராக அடித்துவிட்டுச் சுழற்சி நின்றால் கதை வேறு. உடனே அணையுங்கள்.

## வாங்கியது எஸ்எஸ்டி என்றால்

மீதி ஆயுள் எவ்வளவு என்பதை ‘பெர்சன்டேஜ் யூஸ்டு’ சொல்லும். அதைவிட முக்கியம் ஃபர்ம்வேர். எச்பிஇ விற்ற சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் ஒரேயடியாகச் செத்துவிடும் என்று 2019 நவம்பரில் அந்த நிறுவனமே அறிவித்தது. வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி என்று 2020 மார்ச்சில் இன்னொரு அறிவிப்பு வந்தது. இரண்டுக்கும் ஃபர்ம்வேர் திருத்தம் உண்டு, ஆனால் அந்த மணி அடிப்பதற்கு முன்னால் போட வேண்டும். சந்தைக்கு வரும் பழைய எஸ்எஸ்டிகள் பல அந்த வயதை நெருங்கியவைதான். எச்பிஇ லேபிள் கண்டால் மாடல் எண்ணையும் ஓடிய மணியையும் சரிபார்த்துவிட்டுத்தான் காசு.

## எந்த அறிகுறியும் இல்லை, டேட்டாவை ஏற்றலாமா?

இன்னும் இல்லை. முதலில் ஸ்மார்ட் நீண்ட சோதனை, 12 டிபி-க்கு ஏறக்குறைய ஒரு நாள். அது முடிந்ததும் பேட்பிளாக்ஸ் என்ற லினக்ஸ் கருவியின் எழுத்துச் சோதனை. இது டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் அழிக்கும். முழுச் சோதனை நான்கு முறை எழுதி நான்கு முறை படிக்கும். சராசரி வேகம் வினாடிக்கு 180 எம்பி என்று வைத்தால் 12 டிபி-யை ஒருமுறை கடக்க 18 மணிக்கு மேல், எட்டு முறைக்கு ஆறு நாள். ரிட்டர்ன் கெடு ஏழு நாள் என்றால் இதிலேயே போய்விடும். அப்படிப்பட்டவர்கள் ஒரே பேட்டர்ன் கொடுத்து ஒருமுறை எழுதி ஒருமுறை படித்தால் ஒன்றரை நாளில் முடியும். என்னைக் கேட்டால் அதுவே போதும். 18 டிபி-யும் அதற்கு மேலும் இருந்தால் பிளாக் அளவை 4096-க்குப் பதில் 8192 கொடுங்கள், இல்லாவிட்டால் எண் கொள்ளாமல் நின்றுவிடும். முடிந்ததும் 5, 187, 197, 198, 199 ஐந்தையும் சோதனைக்கு முன் குறித்துவைத்த எண்களோடு ஒப்பிடுங்கள்.

ரெய்டு போடும்போது இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு-இசட்2 வையுங்கள். எல்லா டிஸ்க்கையும் ஒரே லாட்டில் வாங்கினால் ஒன்று போகும் காலத்தில் அடுத்ததும் போகக் காத்திருக்கும். முடிந்தால் இரண்டு கடையில் வாங்குங்கள்.

## எப்போது நிபுணரிடம் போவது

உள்ளே டேட்டா இல்லாத டிஸ்க்குக்கு எந்த நிபுணரும் தேவையில்லை, ரிட்டர்ன் கவர் போதும். விதிவிலக்கு மேலே சொன்ன டிவிஎஸ் டயோடு மட்டும், அதுவும் கெடு தாண்டிய டிஸ்க்காக இருந்தால்.

டேட்டா இருக்கிறது, பேக்கப் இல்லை, டிஸ்க் டக் டக் என்று அடிக்கிறது அல்லது பயாஸில் வந்து வந்து போகிறது என்றால் அந்த நிமிடமே பவரை எடுங்கள். எஃப்எஸ்சிகே, சிஎச்கேடிஸ்க் போன்ற டிஸ்க் திருத்தும் கருவிகள், இலவச ரெக்கவரி சாஃப்ட்வேர் எதையும் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு ஓட்டமும் தலை பிளேட்டைச் சுரண்ட இன்னொரு வாய்ப்பு. கிளீன் ரூம் வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி நிறுவனமாகப் பார்த்துப் போங்கள். ஹீலியம் டிஸ்க்கைத் திறந்து மீட்ட அனுபவம் உண்டா என்று போனிலேயே கேளுங்கள். சீல் வைத்து வெல்டு செய்த டிஸ்க் என்பதால் எல்லோராலும் செய்ய முடியாது. மூடியைக் கவுண்டரிலேயே கழற்றிக் காட்ட முன்வரும் கடையிலிருந்து டிஸ்க்கை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நோயறிதல் கட்டணம் எவ்வளவு, மீட்க முடியாவிட்டால் காசு உண்டா இல்லையா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகுதான் டிஸ்க்கைக் கொடுக்க வேண்டும். ரெய்டில் இருந்த டிஸ்க் என்றால் எல்லா டிஸ்க்கையும், எது எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று மார்க்கரால் எண் எழுதி, ஒன்றாகவே கொண்டுபோங்கள்.